ஆயில் இஞ்சினில் கம்ப்ரஷன் குறைவா? வீட்டிலேயே சோதிக்கலாம்

கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் மின் இணைப்புக்குக் காத்திருக்கும் சிறு விவசாயிக்கு ஆயில் இஞ்சின்தான் துணை. நவரை நெல் பால் பிடிக்கும் சமயத்தில் அது கிளம்ப மறுத்தால் பயிர் காத்திருக்காது. அவசரத்தில், "ரிங் போய்விட்டது" என்று சொன்னதை நம்பி இஞ்சினைப் பிரித்துப் பணத்தை இழப்பவர்கள் உண்டு. பிரிப்பதற்கு முன் அரை மணி நேரம் செலவிட்டு, கோளாறு எங்கே என்று நாமே பார்த்துக் கொள்ளலாம்.

கம்ப்ரஷன் ஏன் முக்கியம்?

பெட்ரோல் இஞ்சினைப் போல டீசல் இஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் வரும் காற்றைப் பிஸ்டன் 15 முதல் 20 மடங்கு வரை சுருக்குகிறது. காற்றின் சூடு 500 டிகிரி செல்ஷியசுக்கு மேல் ஏறுகிறது. அந்தச் சூட்டில் டீசல் தானே பற்றிக் கொள்கிறது. ருடால்ஃப் டீசல் 1897-ல் ஓட்டிக் காட்டிய இஞ்சினின் தத்துவமும் இதுவே. காற்று கசிந்தால் சூடு ஏறாது, இஞ்சின் கிளம்பாது.

கை சோதனை

முதலில் டீசல் வருவதை நிறுத்தி விடவும். ஆயில் அளவு சரியா என்று பார்க்கவும். டீகம்ப்ரஷன் லிவரை விடுவித்த நிலையில் வைத்து, ஹேண்டிலை மெதுவாகச் சுற்றவும். கட்டை விரலை மற்ற விரல்களுடன் ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்க வேண்டும். ஹேண்டில் எதிர்த்து அடித்தால் மணிக்கட்டு தப்பும்.

இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஹேண்டில் கடினமாகும். அந்த இடத்தில் அழுத்திப் பிடிக்கவும். ஸ்பிரிங் போல எதிர்த்து, கையைத் தளர்த்தியதும் பின்னுக்குத் தள்ளினால் கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது. அப்படியானால் கோளாறு பெரும்பாலும் டீசல் பக்கத்தில்தான். குழாயில் காற்று புகுந்திருக்கிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா, நாசில் சரியாகப் பீச்சுகிறதா என்று பார்க்க வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் ஹேண்டில் வழுக்கிச் சென்றால் காற்று கசிகிறது என்று அறியலாம்.

கசிவு எங்கே?

ஒருவர் ஹேண்டிலை அழுத்திப் பிடிக்க, மற்றவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

1. ஏர் கிளீனரைக் கழற்றிய வாயில் 'உஸ்' என்ற சத்தம் வந்தால், காற்று உள்ளே வரும் வால்வு சரியாக மூடவில்லை.
2. சைலென்சரில் சத்தம் வந்தால், புகை போகும் வால்வில் கசிவு.
3. ஆயில் ஊற்றும் வாயில் சத்தம் வந்தால், பிஸ்டன் ரிங் அல்லது லைனர் தேய்ந்திருக்கலாம்.
4. ஹெட்டின் ஓரத்திலும் நாசிலைச் சுற்றிலும் சோப்பு நீர் தடவவும். குமிழி வந்தால் கேஸ்கெட்டையோ வாஷரையோ மாற்ற வேண்டும்.

வால்வில் கசிவு தெரிந்தாலும் உடனே ஹெட்டைக் கழற்ற வேண்டாம். டீகம்ப்ரஷன் லிவர் முழுவதும் திரும்பாமல் சிக்கியிருக்கலாம். டேப்பட்டில் இடைவெளி இல்லாமல் வால்வு திறந்தபடியே நிற்கலாம். கம்ப்ரஷனின் உச்சியில் பிஸ்டன் இருக்கும்போது இரண்டு டேப்பட்டுகளிலும் சிறிது ஆட்டம் இருக்க வேண்டும். இஞ்சினுடன் வந்த புத்தகத்தில் கண்ட அளவுக்கு ஃபீலர் கேஜ் வைத்துச் சரி செய்தால் போதும். அதன் பின்னும் கசிந்தால்தான் வால்வு கிரைண்டிங் தேவை.

ஒரு கரண்டி ஆயில்

ரிங்கா, வால்வா என்று ஐயம் இருந்தால் நாசிலைக் கழற்றி, ஒரு சிறு தேக்கரண்டி இஞ்சின் ஆயிலை உள்ளே விடவும். நாசில் இல்லாமலே சில சுற்றுகள் சுற்றி, மிகுந்த ஆயிலை வெளியேற்றிய பின் நாசிலைப் பொருத்திச் சோதிக்கவும். எதிர்ப்பு கூடினால் ரிங், லைனர் தேய்மானம். கூடாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். அதிக ஆயில் ஊற்றுவது ஆபத்து. ஆயில் காற்றைப் போலச் சுருங்காது. கனெக்டிங் ராடு வளைந்து விடும்.

கார் வைத்திருப்போருக்கு

பெட்ரோல் காரில் இதையே கேஜ் வைத்துப் பார்க்கலாம். இக்னிஷனையும் பெட்ரோலையும் துண்டித்து, எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுதும் அழுத்தி, ஐந்தாறு சுற்று ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். பெரும்பாலான கார்களில் சதுர அங்குலத்துக்கு 120 முதல் 180 பவுண்டு வரை காட்டும். சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் அதிகம் இருக்கக் கூடாது. அடுத்தடுத்த இரண்டில் மட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். இந்தக் கேஜை டீசல் இஞ்சினில் பொருத்தக் கூடாது. அதன் அழுத்தம் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும், கேஜ் தாங்காது.

வருமுன் காக்க

ரிங்கைத் தின்பது தூசிதான். அறுவடைக் காலத்திலும் சாலையோர நிலங்களிலும் ஏர் கிளீனரை அடிக்கடி கழுவி, குறித்த அளவு ஆயில் ஊற்ற வேண்டும். இஞ்சின் ஆயிலைக் கெடு தவறாமல் மாற்ற வேண்டும். நாற்று விடும் முன்பே ஒரு முறை ஹேண்டிலைச் சுற்றிப் பார்த்து விட்டால், கதிர் வரும் வேளையில் தண்ணீருக்குத் தவிக்க நேராது.