விரல் வழியே நுழையும் இரைச்சல்

தம்முடைய லேப்டாப்பில் அம்புக்குறி சில வேளைகளில் விரலுக்குப் பின்தங்கி நகர்கிறது, சில வேளைகளில் வைத்த இடத்திலேயே நடுங்குகிறது, ஆனால் பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனால் மட்டும் எவ்விதக் குறையும் இல்லாமல் ஒழுங்காக வேலை செய்கிறது, இதற்கு என்ன காரணம் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கடைக்காரர் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தும் சில நாட்களில் கோளாறு திரும்பிவிட்டதாம். இவரைப் போன்று அலுத்துப்போனவர்களை நாடித்தான், டிரைவர்களையெல்லாம் தாமாகவே புதுப்பித்துக் கம்ப்யூட்டரின் வேகத்தைப் பன்மடங்கு பெருக்குவதாக விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் சந்தைக்கு வருகின்றன. அவற்றுக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். பிழை எங்கே என்று சோதித்தறியாமல் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது பரிகாரம் ஆகாது. வீட்டில் வருவதும் கடையில் மறைவதுமாக இருக்கும் கோளாறுக்குக் காரணத்தை லேப்டாப்புக்கு வெளியே தேடுவதே நியாயம்.

விலக்க வேண்டியவற்றை முதலில் விலக்கிவிடுவோம். யு.எஸ்.பி. மவுஸ் ஒன்றைச் செருகிப் பார்க்கையில் அதுவும் தயங்கினால், குற்றம் டச்பேடினுடையதன்று. ஏதோ ஒரு புரோகிராம் பிராசசரை முழுவதுமாகப் பிடித்துக்கொண்டிருக்கலாம். கை வைக்காமல் இருந்துவிட்டு மறுபடி தொடும் முதற்கணத்தில் மட்டும் தாமதம் தென்பட்டால், மின்சாரச் சிக்கனத்துக்காக டச்பேட் உறக்க நிலைக்குப் போய் எழுகிறது என்று கொள்ளலாம். டச்பேட் மேடிட்டு, அழுத்தினால் அமுங்காமல் இறுகியிருந்தால், அடியிலுள்ள பேட்டரி உப்பியிருக்கக்கூடும். அது தீப்பற்றக்கூடிய அபாயமாதலால், சார்ஜ் ஏற்றாமல் லேப்டாப்பை உடனே அணைத்து, பேட்டரியை மாற்றிய பிறகே பயன்படுத்த வேண்டும். இம்மூன்றும் இல்லாமல், சார்ஜர் செருகியிருக்கும்போது தோன்றும் கோளாறு அதை உருவியவுடன் மறைந்துவிடுமானால், அங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது.

சரித்திரத்தை நீட்டுவதில் பயனில்லை. ஜார்ஜ் கெர்ஃபைடு என்ற அமெரிக்கர் 1980-களின் இறுதியில் வகுத்த முறையும், 1994-இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட பவர்புக் 500 வரிசையும் டச்பேடுக்கு லேப்டாப்பில் நிரந்தர இடம் தேடித் தந்தன என்பது போதும். அன்றுதொட்டு அடிப்படைத் தத்துவம் மாறவில்லை: அம்புக்குறியை நகர்த்துவதற்கு டச்பேட் அறிய வேண்டியது விரலின் அழுத்தத்தை அன்று, அதன் மின்தேக்குத் திறனையே.

வழவழப்பான மேற்பரப்புக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக உலோகத் தடங்கள் ஓடுகின்றன. ஒரு தடத்தில் மின்துடிப்புகளைச் செலுத்தி, அதைக் குறுக்கே கடக்கும் தடத்தில் எவ்வளவு மின்னூட்டம் வந்து சேருகிறது என்று ஒரு சில்லு அளக்கிறது. விரல் நெருங்கும்போது அதில் ஒரு சிறு பங்கைத் தன்பால் இழுத்துக்கொள்ள, அந்தக் குறைவைக் கொண்டே விரலின் இடம் கணிக்கப்படுகிறது. நம் உடல் தரையோடு கொண்டிருக்கும் மின்தேக்குத் திறன் சுமார் 100 பிகோஃபாரட் என்றால், இங்கே அளக்கப்படும் குறைவோ ஒரு பிகோஃபாரடின் சிறு பின்னம். இத்தனை அற்பமான மாறுதலை விநாடிக்கு ஏறக்குறைய 100 தடவை அளந்து சொல்லும் இந்தச் சாதனத்தை, நகைப் பட்டறையில் பத்தர் பொன் நிறுக்கும் தராசுக்கு ஒப்பிடுவது பொருந்தும். நிறுப்பதற்கு முன் அவர் வெறுந்தட்டின் நிலையைப் பார்த்துக்கொள்வது போல, விரல் இல்லாத வேளையில் டச்பேடும் தன் தடங்களின் இயல்பான அளவுகளைக் குறித்து வைத்துக்கொள்கிறது. தட்டில் ஒட்டிய நீர்த்துளி எடையைப் பொய்யாக்குவது போல ஈர விரலும் இங்கே கணக்கைப் பொய்யாக்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நிறுக்கும் நேரத்தில் பத்தர் மின்விசிறியை நிறுத்தச் சொல்வார்.

அந்த விசிறியின் ஸ்தானத்தில் இங்கே இருப்பது சார்ஜர். 230 வோல்ட் மின்சாரத்தை லேப்டாப்புக்கு ஏற்ற 20 வோல்ட் அளவுக்கு இறக்கும்பொருட்டு அது மின்னோட்டத்தை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை, சிலவற்றில் லட்சக்கணக்கான தடவை, துண்டித்துத் துண்டித்து விடுகிறது. அதன் இரு பக்கங்களுக்கும் இடையே உள்ள சிறு மின்தேக்கியின் அளவு 2.2 நானோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதன் வழியே 0.16 மில்லியாம்பியர் வரை கசியலாம். உலோக உடல் கொண்ட லேப்டாப்பைத் தடவும்போது உணரப்படும் மெல்லிய அதிர்வு இந்தக் கசிவினால் உண்டாவதே. எர்த் இணைப்பு உள்ள சார்ஜரில் இந்தக் கசிவுக்கும், துண்டிப்பினால் எழும் மின் அலைவுகளாகிய இரைச்சலுக்கும் மண்ணுக்குப் போக வழி கிடைக்கிறது. அது இல்லாதபோது லேப்டாப் முழுவதுமே, மண்ணை நோக்க, ஓயாமல் ஏறி இறங்கும் ஒரு மின்னழுத்தத்தில் இருந்துகொண்டிருக்கிறது.

ஏறி இறங்குவது முழு லேப்டாப்பும் ஆகையால், தடங்களும் சில்லும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்க, விரல் படாத டச்பேடுக்கு அந்த ஆட்டம் தெரிவதே இல்லை. நம் உடலோ மண்ணைச் சார்ந்து நிற்பது. ஆகவே விரலை வைத்த அந்தக் கணத்தில், அசையாத விரலே அதிவேகமாக ஆடுவதாக லேப்டாப்புக்குத் தோன்றுகிறது. சார்ஜரில் பிறந்த இரைச்சல் கம்பி வழியே நேராக வராமல், சுற்றிக்கொண்டு நம் விரல் வழியாக உள்ளே நுழைகிறது. இதைச் சோதிக்கக் கருவி ஒன்றும் தேவையில்லை. கோளாறு இருக்கும் வேளையில் மற்றொரு கையால் லேப்டாப்பின் உலோகப் பகுதியையோ, யு.எஸ்.பி. துளையின் உலோக விளிம்பையோ தொட்டுப் பாருங்கள். உடலும் லேப்டாப்பும் ஒன்றாக இணைந்து ஒன்றாகவே ஆடுவதால், காரணம் இதுவாக இருந்தால் அம்புக்குறி அடங்கிவிடும்.

அப்படியானால் நடுக்கம் சரி, தாமதம் எதற்கு? இதுதான் என்னை மிகவும் கவர்ந்த பகுதி. தட்டு ஆடுவதைக் கண்ட பத்தர் ஒரு தடவை நிறுத்து எடை சொல்லிவிடமாட்டார். பல தடவை நிறுத்துச் சராசரி பார்ப்பார். சில்லும் அதையே செய்கிறது. ஒழுங்கற்ற இரைச்சலைப் பாதியாக்க நான்கு அளவுகளின் சராசரி வேண்டும், பத்தில் ஒரு பங்காக்க 100 அளவுகள் வேண்டும். ஓர் அளவுக்கு 10 மில்லிவிநாடி ஆகுமானால் நான்குக்கு 40 மில்லிவிநாடி, நூற்றுக்கு ஒரு முழு விநாடி. நாம் தாமதம் என்று நொந்துகொள்வது சில்லின் சோம்பலன்று, நிச்சயமில்லாமல் பேச மறுக்கும் அதன் நிதானம். இதைவிடச் சங்கடமான நிலையும் உண்டு. பக்கவாட்டில் திரும்பித் திரும்பி வீசும் மேஜை விசிறி தம்மை நோக்கி வீசும் அதே கணத்தில் ஒவ்வொரு முறையும் பத்தர் தராசைப் பார்ப்பாரானால், ஆயிரம் தடவை நிறுத்தாலும் சராசரி தவறாகவே இருக்கும். அவ்விதமே, டச்பேட் 3,00,000 ஹெர்ட்ஸில் அளக்கையில் இரைச்சல் 3,00,005 ஹெர்ட்ஸில் இருந்தால், அவற்றின் வித்தியாசமாகிய 5 ஹெர்ட்ஸ், விநாடிக்கு ஐந்து தடவை அசையும் பொய்யான விரலாக வெளிப்படுகிறது. நல்ல சில்லுகள் இதை உணர்ந்து அளக்கும் அதிர்வெண்ணை மாற்றிக்கொள்கின்றன. பத்தர் தாம் பார்க்கும் கணத்தைத் தள்ளி வைத்துக்கொள்வது போல. பல சார்ஜர்களில் துண்டிக்கும் வேகம், பேட்டரி எவ்வளவு மின்சாரத்தை இழுக்கிறது என்பதற்கேற்ப மாறுவதால், இரண்டும் நெருங்கும்போது கோளாறு தோன்றி, விலகும்போது மறைகிறது. காலையில் இருந்து மாலையில் இல்லாமற்போகும் மர்மத்துக்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

மொபைல் சார்ஜர்களுக்காக 2011-இல் வெளியான ஐ.இ.சி. 62684 என்ற சர்வதேசத் தரவிதி இவ்வகை இரைச்சலுக்கு வரம்பு விதித்திருக்கிறது. ஆனால் மலிவாக விற்கும் போலி சார்ஜர்களில் இரைச்சல் தணிக்கும் பாகங்களே பல சமயம் விடுபட்டுப்போகின்றன. எனவே லேப்டாப்போடு வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். அதன் பிளக் மூன்று பின் உள்ளதானால், இரண்டு பின் கன்வர்ட்டரில் செருகி எர்த்தை வீணாக்காதீர்கள். சுவரிலுள்ள பாயிண்டில் மூன்று துளைகள் இருப்பதாலேயே எர்த் கம்பி உள்ளே வந்திருக்கிறது என்று நம்பிவிடவும் வேண்டாம். பல வீடுகளில் அந்தத் துளைக்குப் பின்னால் கம்பி இருப்பதில்லை. லேப்டாப்பைத் தொட்டால் மெல்லிய அதிர்வைத் தாண்டி ஷாக்காகவே அடிக்குமானால் அந்த சார்ஜரை அன்றே நிறுத்திவிடுங்கள். மற்றபடி, புது டச்பேடுக்கோ புது லேப்டாப்புக்கோ செலவிடுவதற்கு முன்னால், ஓர் எலெக்ட்ரீஷியனை அழைத்து வீட்டின் எர்த் இணைப்பைச் சோதித்துவிடுங்கள்.