9,500 பவுண்டு இழுக்கும் டிரக்... 7,000 பவுண்டு டிரெய்லருக்கே திணறுவது ஏன்?

அமெரிக்காவில் கோடை விடுமுறை தொடங்கினால் நெடுஞ்சாலைகளில் ஒரு காட்சி வழக்கம். முன்னால் ஒரு பிக்கப் டிரக், பின்னால் கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள ஒரு குட்டி வீடு. அதுதான் டிராவல் டிரெய்லர். ஹோட்டல் செலவு மிச்சம், நினைத்த இடத்தில் தங்கலாம் என்பதால் குடும்பஸ்தர்கள் பலரும் இதை விரும்புகிறார்கள்.

வாங்கும்போது எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இந்த டிரக் எவ்வளவு இழுக்கும்?" விற்பனையாளரும் ஒரு பெரிய எண்ணைச் சொல்வார். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "இந்த டிரக் எவ்வளவு சுமக்கும்?"

இழுப்பது வேறு, சுமப்பது வேறு

இழுவைத் திறன் என்பது டிரக் பின்னால் கட்டி இழுக்கக்கூடிய அதிகபட்ச எடை. பேலோடு என்பது டிரக் தன் முதுகில் தாங்கக்கூடிய எடை. டிரக்கின் மொத்த எடைக்கு நிறுவனம் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கும். அதன் பெயர் ஜி.வி.டபிள்யூ.ஆர். அதிலிருந்து டேங்க் நிறைய எரிபொருளோடு நிற்கும் வெறும் டிரக்கின் எடையைக் கழித்தால் வருவதுதான் பேலோடு.

ஃபோர்டு எஃப்-150, செவ்ரோலே சில்வராடோ 1500, ராம் 1500 ஆகியவற்றை 'ஹாஃப்-டன்' டிரக் என்பார்கள். அது பழங்காலத்துப் பெயர். இன்று ஒரே மாடலிலேயே பேலோடு நூற்றுக்கணக்கான பவுண்டு வித்தியாசப்படும். சன்ரூஃப், ஃபோர் வீல் டிரைவ், பெரிய கேபின் என்று வசதி கூடக்கூட டிரக்கின் சொந்த எடை கூடும். அந்த அளவுக்குச் சுமக்கும் எடை குறையும்.

அப்போ சரியான எண் எங்கே இருக்கு?

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவுச் சட்டத்தில் டயர் காற்றழுத்த விவரங்களோடு ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்கள், சாமான்கள் எல்லாம் சேர்த்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். விளம்பரத்தில் வருவது அந்த மாடலின் ஆகச் சிறந்த எண். ஸ்டிக்கரில் இருப்பதுதான் அந்தக் குறிப்பிட்ட வண்டியின் எண். வாங்கிய பிறகு பொருத்திய மூடி, பக்கப்படி போன்றவற்றின் எடையையும் அதில் கழிக்க வேண்டும்.

மாட்டு வண்டிக் கணக்கு

டிரெய்லர் தன் சக்கரத்தில்தானே ஓடுகிறது, டிரக் ஏன் சுமக்க வேண்டும்? இரண்டு சக்கர மாட்டு வண்டியை நினைத்தால் புரிந்துவிடும். பாரம் முன்னால் இருந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் போனால் நுகத்தடி மேலே தூக்கும். டிரெய்லரும் அப்படியே. அதன் முன்முனை டிரக்கின் கொக்கியை அழுத்தும் எடைக்கு 'டங் வெயிட்' என்று பெயர். சாமான் ஏற்றிய டிரெய்லர் எடையில் இது 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். இது முழுக்க டிரக்கின் பேலோடில்தான் சேரும்.

கணக்கு எங்கே இடிக்கிறது?

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். டிரக்கின் இழுவைத் திறன் 9,500 பவுண்டு. கதவு ஸ்டிக்கரில் பேலோடு 1,500 பவுண்டு, அதாவது சுமார் 680 கிலோ. சாமான் ஏற்றிய டிரெய்லர் 7,000 பவுண்டு. "இன்னும் 2,500 பவுண்டு மிச்சம் இருக்கே!" என்று தோன்றும்.

• டங் வெயிட் (13 சதவீதம்): 910 பவுண்டு
• இணைக்கும் ஹிட்ச்: 100 பவுண்டு
• கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள்: 470 பவுண்டு
• மொத்தம்: 1,480 பவுண்டு

மீதி வெறும் 20 பவுண்டு. ஒரு ஐஸ் பெட்டியையும் இரண்டு சைக்கிளையும் டிரக்கில் வைத்தால் வரம்பு தாண்டிவிடும். எஸ்.ஏ.இ. ஜே2807 என்ற சோதனை முறையில் இழுவைத் திறனைக் கணக்கிடும்போது, டிரக்கில் தலா 150 பவுண்டு எடையுள்ள இரண்டு பேர் மட்டுமே இருப்பதாக வைத்துக்கொள்வார்கள். குழந்தைகளும் நாய்க்குட்டியும் அந்தக் கணக்கில் கிடையாது.

பின்னால் ஏற்றினால் தீருமா?

"சாமானை டிரெய்லரின் பின்பக்கம் தள்ளிட்டா டங் வெயிட் குறையுமே?" குறையும். ஆனால் அதுதான் ஆபத்து. முன்பாரம் போதாத டிரெய்லர் வேகத்தில் பாம்பு போல ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் முற்றினால் டிரக்கையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும்.

மறுபக்கம், பேலோடைத் தாண்டினால் டிரக்கின் பின்பகுதி அமுங்கி, முன்சக்கரங்களின் பிடி தளரும். ஸ்டீயரிங் லேசாகும், பின் டயர்கள் சூடாகும், பிரேக் பிடித்து நிற்க அதிக தூரம் தேவைப்படும். வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் பொருத்தினால் எடையில் ஒரு பகுதி முன்சக்கரங்களுக்கும் டிரெய்லர் சக்கரங்களுக்கும் பிரியும். ஓட்டம் சீராகும். ஆனால் ஸ்டிக்கரில் உள்ள வரம்பு அதனால் கூடாது.

வாங்கும் முன்...

கணக்கைத் தலைகீழாகப் போடுவது நல்லது. பேலோடு 1,500-ல் குடும்பத்துக்கு 470, ஹிட்சுக்கு 100, டிரக்கில் வைக்கும் சாமானுக்கு 100 கழித்தால் மீதி 830. அதை 0.13-ஆல் வகுத்தால் சுமார் 6,400 பவுண்டு. அந்தக் குடும்பத்துக்கு ஏற்ற டிரெய்லரின் உச்ச எடை அதுதான்.

டிரெய்லர் விளம்பரத்தில் வரும் 'டிரை வெயிட்' என்பதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. அதில் தண்ணீர், துணிமணி, பாத்திரம் எதுவும் சேராது. தண்ணீர் மட்டுமே ஒரு கேலனுக்கு 8 பவுண்டுக்கு மேல். டிரெய்லரின் சொந்த ஜி.வி.டபிள்யூ.ஆர். எண்ணை எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

கடைசியாக ஒரு வேலை உண்டு. நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடைகள் உள்ளன. பயணத்துக்குக் கிளம்புவது போலவே ஆட்கள், சாமான், டிரெய்லர் எல்லாவற்றோடும் ஏறி நின்றால், ஒவ்வோர் அச்சின் எடையையும் தனித்தனியாக அச்சிட்டுத் தருவார்கள். டிரக்கின் இரண்டு அச்சு எடைகளையும் கூட்டி, டிரக்கின் ஜி.வி.டபிள்யூ.ஆர். எண்ணோடு ஒப்பிட்டால் போதும். மலைப்பாதை இறக்கத்தில் தெரிந்துகொள்வதைவிட எடைமேடையில் தெரிந்துகொள்வது நல்லது.