பல் குத்த எந்தத் துரும்பு நல்லது?

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். ஊரில் அது சரி. வைக்கோல் போரிலும் கூரை ஓரத்திலும் துரும்பு கிடைத்துவிடும். மும்பையில் துரும்புக்கு எங்கே போவது? மாட்டுங்காவிலும் சயானிலும் மதியச் சாப்பாட்டை முடித்து எழுகிறவர்கள், பணத்தைக் கொடுத்த கையோடு கல்லாவில் இருக்கும் சோம்புத் தட்டையும் அதன் பக்கத்துக் குச்சிக் குப்பியையும் தேடுகிறார்கள்.

குப்பி காலியாக இருந்தால் தீக்குச்சி. அதுவும் இல்லையென்றால் ஊக்கு, சாவி, மடித்த காகிதம். எதைப் போட்டுக் குத்தினாலும் இடுக்கில் சிக்கிய கீரை நார் எப்படியோ வந்துவிடுகிறது. அதனால் எல்லாம் ஒன்றுதான் என்ற எண்ணம் பலருக்கு. அப்படியல்ல என்பதை ஈறு பிறகுதான் சொல்லும்.

கடையில் கிடைப்பவை

மளிகைக் கடைகளிலும் கிராஃபோர்டு மார்க்கெட் பக்கத்துக் கடைகளிலும் சாதாரணமாகக் கிடைப்பது மூங்கில் குச்சி. விலை சொற்பம், எளிதில் முறியாது. ஆனால் கடினமானது. பாதியில் ஒடித்தால் சிலாம்பு எழும்பி ஈற்றில் ஏறிவிடும். மென்மரக் குச்சி இதைவிடச் சாது. வாயின் ஈரத்தில் அதன் முனை சற்று இளகும்; அழுத்தினால் ஈற்றைக் கிழிப்பதற்கு முன் தானே வளைந்துவிடும். இரண்டில் ஒன்றை எடுப்பதென்றால் மரமே மேல்.

ஓட்டல் குப்பியில் திறந்து கிடக்கும் குச்சிகளைப் பல கைகள் தொட்டிருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியே காகிதத்தில் சுற்றி விற்கும் பாக்கெட்டுகளும் உண்டு. அதில் நாலைந்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது நல்லது.

பிளாஸ்டிக் குச்சி வளையும். ஆனால் அதன் விளிம்பு கூர்மையானது. ஒரு பக்கம் குச்சியும் மறுபக்கம் வில் போல நூலும் கட்டியதை மருந்துக் கடைகளில் விற்கிறார்கள். அதில் குச்சியைவிட நூலே பயன் மிக்கது. பல்லோடு பல் நெருங்கியிருக்கும் இடத்தில் எந்தக் குச்சியும் நுழையாது, நூல் நுழையும். இது புதிய யோசனையும் அல்ல. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரப் பல் மருத்துவர் லெவி ஸ்பியர் பாம்லி, 1819-ல் வெளியிட்ட நூலிலேயே பட்டு நூலைச் சிபாரிசு செய்திருக்கிறார்.

பாட்டிமார் முந்தானையில் சாவிக்கொத்தோடு தொங்கிய வெள்ளிப் பல்குத்தியை இன்று காண்பது அரிது. காது குறும்பி எடுக்கும் கரண்டியும் அதோடு சேர்ந்தே இருக்கும். பார்க்க அழகு, ஆனால் உலோகம் வளைந்து கொடுக்காது. ஒரே குத்தியை வீட்டில் நாலு பேர் பயன்படுத்தினால், ஒருவர் ஈற்றிலிருந்து வரும் ரத்தம் மற்றவருக்கு நோயாகப் போய்ச் சேரலாம்.

வேப்பங்குச்சி வேறு

ரயில் நிலைய வாசல்களில் கட்டுக்கட்டாக விற்கும் வேப்பங்குச்சியையும் கருவேலங்குச்சியையும் இங்கே ‘தாத்தூன்’ என்கிறார்கள். முகமது அலி ரோடு பக்கம் கிடைக்கும் மிஸ்வாக், தமிழில் உகாய் என்று பெயர் பெற்ற மரத்தினுடையது. இவையெல்லாம் மென்று தூரிகையாக்கிப் பல் துலக்குவதற்கு, குத்துவதற்கு அல்ல.

காந்தியடிகள் 1930-ல் எரவாடா சிறையில் இருந்தபோது, உடனிருந்த காகா காலேல்கர் தினமும் புதிய வேப்பங்குச்சி கொண்டுவருவார். மென்ற நுனியை மட்டும் நறுக்கிவிட்டு, குச்சி காய்ந்து போகும்வரை அதையே பயன்படுத்தலாம் என்று சொல்லிவிட்டாராம் காந்தியடிகள். பல் குத்தும் குச்சிக்கு இந்தச் சிக்கனம் பொருந்தாது. ஒரு முறை குத்தியதும் எறிந்துவிட வேண்டும்.

எறிவதிலும் கவனம் தேவை. குச்சியை வாயில் கடித்தபடி பஸ்ஸில் ஏறுவதும் படுத்துக்கொள்வதும் பலருக்குப் பழக்கம். தவறி விழுங்கிவிட்டால் அது குடலைத் துளைக்கும். அமெரிக்க எழுத்தாளர் ஷெர்வுட் ஆண்டர்சன் 1941-ல் பனாமாவில் இறந்தது இப்படித்தான். தெரியாமல் விழுங்கிய ஒரு பல்குச்சி அவர் வயிற்றுக்குள் சீழ் பிடிக்க வைத்துவிட்டது.

குத்தக் குத்தப் பெரிதாகும் சந்து

எந்தக் குச்சி என்பதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு: தினமும் ஏன் குத்த வேண்டியிருக்கிறது? ஆரோக்கியமான வாயில், இரு பற்களுக்கு நடுவே உள்ள சந்தை ஈறு கூம்பாக எழுந்து அடைத்திருக்கும். அங்கே உணவு தங்க இடமில்லை. அந்தக் கூம்பைக் குச்சியால் அழுத்திக்கொண்டே இருந்தால் அது தேய்ந்து கீழே இறங்கும். சந்து பெரிதாகும், உணவு மேலும் சிக்கும், குச்சியும் மேலும் ஆழமாகப் போகும். பல்லின் வேர் வெளியே தெரிந்து, தண்ணீர் பட்டாலே கூசும்.

என்றோ ஒரு நாள் மாம்பழ நார் சிக்குவது இயல்பு. ஒரே இடத்தில் நாள்தோறும் சிக்கினால் அங்கே சொத்தை விழுந்திருக்கலாம். அடைத்த சிமெண்ட் தளர்ந்திருக்கலாம். பிடுங்கிய பல்லின் வெற்றிடத்தை நோக்கிப் பக்கத்துப் பல் சாய்ந்திருக்கலாம். குச்சியில் ரத்தம் தெரிந்தால் ஈறு நோய் என்று சந்தேகிக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு அது எளிதில் வரும், சீக்கிரம் முற்றும். வலிக்கு இதம் என்று சிலர் ‘மிஷ்ரி’ எனப்படும் வறுத்த புகையிலைத் தூளை ஈற்றில் தேய்க்கிறார்கள். அது வாய்ப் புற்றுநோய்க்குக் கதவைத் திறந்துவிடுவதாகும்.

சந்து ஏற்கெனவே பெரிதாகிவிட்டவர்களுக்கு, புட்டி கழுவும் பிரஷ்ஷின் குட்டி வடிவில் பல்லிடுக்கு பிரஷ் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. அளவுகள் பல. எது பொருந்தும் என்பதைப் பல் மருத்துவரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது. தனியார் மருத்துவரின் கட்டணத்துக்கு அஞ்சித் தள்ளிப்போடுகிறவர்களுக்கு, மும்பை சென்ட்ரலில் மாநகராட்சியின் நாயர் பல் மருத்துவக் கல்லூரியும், சி.எஸ்.எம்.டி. அருகே செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை வளாகத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். ஆனால் செலவு குறைவு.

சாப்பிட்டு எழுந்ததும் முதலில் வாய் நிறையத் தண்ணீர் எடுத்து நன்றாகக் கொப்பளித்தால் சிக்கியதில் பெரும்பகுதி தானே வந்துவிடும். மிச்சத்துக்கு மென்மரக் குச்சி, அதுவும் மெல்ல. துரும்பு பல்லுக்கு உதவுவது உண்மைதான். அந்த உதவி தினந்தோறும் தேவைப்பட்டால், துரும்பை வைத்துவிட்டு மருத்துவரைத் தேட வேண்டிய நேரம் வந்துவிட்டது.