குறைத்து வெட்டி, கூட்டிக் கேட்பது

எல்பி தட்டு ஓடும் பழைய ரெக்கார்டு பிளேயரின் வயரை, ஆம்ப்ளிஃபயரில் ‘ஃபோனோ’ என்று எழுதிய துளையில் செருகாமல், பக்கத்திலிருக்கும் ‘ஆக்ஸ்’ துளையில் செருகிப் பாருங்கள். சத்தம் மிக மெலிதாக வரும். வால்யூமைக் கூட்டினாலும் மிருதங்கத்தின் தொப்பி எங்கோ போயிருக்கும். ஜால்ரா மட்டும் காதைக் குத்தும். பிளேயரில் பழுது ஒன்றும் இல்லை. தட்டில் வெட்டியிருப்பதே அப்படித்தான்.

ஈக்வலைசர் என்றாலே பேஸ், ட்ரெபிள் குமிழ்களைத் திருகி, பிடித்தபடி ஒலியை மாற்றிக்கொள்வதுதான் நம் நினைவுக்கு வரும். ரசனைக்காக அல்லாமல் இடநெருக்கடியால் பிறந்த ஈக்வலைசர் ஒன்றும் உண்டு. ஒலிப்பதிவுக் கலை கண்ட மிக அழகான யோசனை அதுதான் என்பேன்.

பாட்டைத் தட்டில் வெட்டும் ஊசி பக்கவாட்டில் அசைந்து அசைந்து பள்ளம் தோண்டுகிறது. அதை இயக்கும் மின்காந்தத் தலையின் இயல்பு, ஒரே அளவு மின்னோட்டத்துக்கு ஒரே வேகத்தில் அசைவது. மெதுவாக அதிரும் ஒலிக்கு ஒரு பக்கம் போய்த் திரும்ப நிறைய நேரம் கிடைப்பதால் ஊசி வெகுதூரம் போய்விடும். 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அசைவதைப்போல 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 20 மடங்கு. அப்படியே வெட்டினால் பள்ளம் அடுத்த பள்ளத்தில் இடித்துவிடும். இடைவெளி விட்டு வெட்டினாலோ, ஒரு பக்கத்தில் இருபது நிமிடக் கச்சேரி அடங்காது. உச்ச ஒலிகளுக்கு வேறு சிக்கல்: அசைவு மிகச் சிறியது, முள் உரசும் ‘ஸ்ஸ்’ இரைச்சலில் மூழ்கிவிடும்.

எனவே வெட்டும்போதே பேஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டுகிறார்கள். கேட்கும்போது ஆம்ப்ளிஃபயர் அதைத் துல்லியமாகத் தலைகீழாக்குகிறது. பேஸ் தன் அளவுக்குத் திரும்புகிறது. கூட்டிய ட்ரெபிள் இறங்கும்போது, தட்டுக்கே உரிய இரைச்சலும் கூடவே இறங்கிவிடுகிறது! (மோட்டாரின் உறுமலும் பேஸோடு சேர்ந்து பெருகும். அது இதற்குக் கொடுக்கும் விலை.)

எவ்வளவு குறைப்பது, எவ்வளவு கூட்டுவது என்பதில் ஒவ்வொரு கம்பெனியும் தனிக்கணக்கு வைத்திருந்தது. 1954இல் அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் சங்கமான ஆர்ஐஏஏ பொது அளவைக் கொண்டுவந்தது. 1000 ஹெர்ட்ஸை நடுவாகக் கொண்டால், வெட்டும்போது 20 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்காகக் குறைகிறது. 20,000 ஹெர்ட்ஸ் ஒன்பது மடங்குக்கு மேல் கூடுகிறது. இன்று அச்சாகும் எல்பிகளுக்கும் இதுவே அளவு.

அதற்கு முந்தைய 78 சுற்றுத் தட்டுகளை இன்று கணினியில் ஏற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 1930களின் தட்டுகள் பலவற்றில் ட்ரெபிளைக் கூட்டவே இல்லை. டி. என். ராஜரத்தினம் பிள்ளை காலத்து நாகஸ்வரத் தட்டு அப்படி வெட்டியதாக இருந்து, அதை ஆர்ஐஏஏ கணக்கில் ஓட்டினால், 5000 ஹெர்ட்ஸ் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். சீவாளியின் அந்தப் பளீர் ஒலி மங்கிப்போகும். இணையத்தில் உலவும் பழைய பதிவுகள் சில போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். வித்வான் மேல் குறையில்லை, தட்டின் வயது மேலும் முழுப்பழி போட முடியாது. அதனால்தான் கவனமுள்ள ஆவணக்காப்பாளர்கள், எந்தத் திருத்தமும் செய்யாத மூலப்பதிவு ஒன்றை முதலில் எடுத்துப் பத்திரப்படுத்துகிறார்கள். அந்தக் கம்பெனி அந்த வருடத்தில் எந்தக் கணக்கில் வெட்டியது என்பது பின்னால் தெரியவந்தாலும், தட்டில் மறுபடி முள் வைக்காமலே சரிசெய்துகொள்ளலாம்.