தொலைவில் இருப்பவருக்காக ஒரு கோபுரம்



விழுப்புரத்திலிருந்து இரயிலில் புதுச்சேரி சென்று இறங்கும் நம்மை, நிலையத்தின் அருகிலேயே திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவின் இரட்டைக் கோபுரங்கள் வரவேற்கின்றன. திண்டிவனத்திலிருந்து பேருந்தில் வந்து கடற்கரைக்கு நடப்பவர்கள் பழைய கலங்கரை விளக்கத்தைக் காண்கிறார்கள். அதற்குச் சற்றுத் தொலைவில், 'கப்ஸ் கோயில்' என்று மக்கள் அழைக்கும் வானதூதர்களின் அன்னை ஆலயத்தின் கோபுரங்கள் தெரிகின்றன. விடுமுறை நாள்களில் சுற்றுலாப் பயணிகள் இவற்றின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அழகுதான். ஆனால், இக்கோபுரங்கள் யாருக்காகக் கட்டப்பட்டன என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

முதலில் கலங்கரை விளக்கத்தை எடுத்துக்கொள்வோம். புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளியே நங்கூரமிட்டன. ஆள்களும் சரக்கும் படகுகளில் அலையைக் கடந்து கரைக்கு வரவேண்டியிருந்தது. இருட்டில் தாழ்வான இக்கரையை அடையாளம் காண்பது கடினம். எனவே பிரெஞ்சு ஆட்சியாளர்கள் கட்டிய இவ்விளக்கு 1836-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஏற்றப்பட்டது. இதன் உயரம் 29 மீட்டர். உயரம் பகட்டுக்காக அன்று. பூமி உருண்டை என்பதால் தாழ்வான விளக்கு விரைவில் அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். 29 மீட்டர் உயரத்தில் எரியும் விளக்கோ, கடல் மட்டத்தில் இருப்பவருக்கும் ஏறத்தாழ 19 கிலோமீட்டர் வரை தெரியும். 1979-இல் 48 மீட்டர் உயரத்தில் புதிய கலங்கரை விளக்கம் வந்தபோது அந்தத் தொலைவு ஏறத்தாழ 25 கிலோமீட்டராயிற்று. பழையது பணி ஓய்வு பெற்றது.

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். கலங்கரை விளக்கின் அடியில் நிற்பவருக்கு அதனால் பயன் ஏதுமில்லை. அது இன்னும் கரை சேராதவருக்காகவே எரிகிறது.

ஆலயக் கோபுரங்களும் அப்படித்தான். நம் கடற்கரை மீனவர்கள் கரையில் உள்ள இரண்டு அடையாளங்களை, ஒரு கோபுரத்தையும் அதன் பின்னே தெரியும் மரத்தையோ குன்றையோ, ஒரே நேர்க்கோட்டில் வைத்துப் பார்ப்பார்கள். வேறு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்களையும் அதுபோலவே பார்ப்பார்கள். இரு கோடுகளும் வெட்டும் இடமே அவர்கள் வலை வீசும் இடம். இன்று ஜி.பி.எஸ். கருவி வந்துவிட்டது, என்றாலும் தலைமுறை தலைமுறையாய் உதவியது கண்ணளவே. கோபுரத்து மணியோசையும் தொலைவில் இருப்பவரையே தேடிச் செல்கிறது. மூவேளைச் செபத்துக்கான மணி, ஆலயத்துக்கு வர இயலாமல் வயலில் நிற்பவரும் நோயுற்றுப் படுத்திருப்பவரும் செபத்தில் இணையவே ஒலிக்கிறது.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்று ஆண்டவர் கேட்டதை லூக்கா நற்செய்தியில் (14-ஆம் அதிகாரம்) வாசிக்கிறோம். கட்டுவதற்கு மட்டுமல்ல, காப்பதற்கும் விலை உண்டு. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றி நகரைத் தரைமட்டமாக்கியபோது ஆலயங்களும் இடிந்தன. 'சம்பா கோயில்' என்னும் அமல உற்பவ அன்னைப் பேராலயம் 1791-இலும், இன்றைய கப்ஸ் கோயில் 1855-இலும் எழுந்தன. திரு இருதய ஆலயம் 1907-இல் நிறைவுற்று, 2011-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. ஆனால் போரில்லாமலும் கட்டடங்கள் விழும். கடற்கரையில் இருந்த 19-ஆம் நூற்றாண்டு நகர்மன்றமான 'மேரி' கட்டடம், 2014 நவம்பரில் பெய்த மழையில் இடிந்து விழுந்தது. பின்னர் அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டப்பட்டது.

கற்கள் விழுவதைவிடக் கொடியது ஒன்று உண்டு. 1745-ஆம் ஆண்டில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அன்றைய சம்பா கோயிலுக்குள், ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரித்துவைக்க வடபக்கத்தில் ஒரு தடுப்புச் சுவர் இருந்தது. அம்மக்கள் மூத்த குருவிடம் முறையிட, அச்சுவர் இடிக்கப்பட்டது. ஆனால் அத்துடன் பிரிவினை ஒழிந்துவிடவில்லை. இறந்தபின்னும் தனித்தனிக் கல்லறைத் தோட்டம் என்ற நிலை தமிழகத்தில் சில ஊர்களில் இன்றும் நீடிப்பதை நாம் அறிவோம். வெளியே எல்லாருக்கும் தெரியும்படி கோபுரம். உள்ளே சிலரை மறைக்கும்படி சுவர். இதைவிடப் பெரிய முரண்பாடு உண்டோ?

நம் பங்குகளிலும் புதிய கோபுரங்கள் எழுகின்றன. பக்கத்துப் பங்கைவிட நம் கோபுரம் உயரமா என்று கேட்கத் தோன்றுவது இயல்பு. பாபேலில் கட்டியவர்களும் தங்களுக்குப் பெயர் தேடவே கட்டினார்கள், முடிவில் சிதறிப்போனார்கள். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு வெளியூர் போன நம் பங்கு மக்கள் திரும்பி வரும்போது, அவர்கள் பெயர் சொல்லி அழைக்க நம்மில் யாராவது இருப்போமா? ஆலயத்தில் கடைசி வரிசையில் ஒதுங்கி நிற்பவருக்கு முன்வரிசையில் இடம் தருவோமா? திருவிழா வரிக்கணக்கில் பெயர் விடுபட்ட குடும்பத்தைத் தேடிப் போவோமா?

அடுத்த முறை புதுச்சேரிக் கடற்கரையில் நிற்கும்போது கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதோடு நிறுத்திவிடாமல், சற்றுத் திரும்பி அது பார்க்கும் திசையையும் பார்ப்போம். தொலைவில் இருப்பவரை நினைக்கக் கற்றுக்கொண்டால், நாமும் பிறருக்குக் கரை காட்டுகிறவர்கள் ஆவோம்.