பெயர் கூறி எழுத்தழைத்தல்

ஒலிக்கு வடிவமும் அவ்வடிவத்திற்குப் பெயரும் வேண்டுமென்பதை நம் இலக்கண நூலார் நன்குணர்ந்திருந்தனர். கரமுங் காரமுஞ் சேர்த்து அகரம், ஆகாரம், ளகரம், ழகரம் என வழங்கியமை அதற்குச் சான்றாகும். கணினியில் உரை தொகுக்குங் கருவிகளுட் சிலவற்றிலும் எழுத்தைப் பெயர் கூறி வருவிக்கும் முறையொன்று அமைந்துள்ளது.

அதன் தேவை யாதெனில், விசைப்பலகையிலுள்ள விசைகள் ஏறக்குறைய நூறே. யுனிக்கோட் என்னும் உலகப் பொதுக் குறிமுறையிலோ ஓரிலட்சத்து ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட எழுத்துகள் உள. ‘கஃபே’ என்னும் பிரெஞ்சுச் சொல்லின் ஈற்றில் தலையிற் சாய்கோடு பெற்று நிற்கும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். அதன் எண் 233. ஓரெழுத்தின் எண்ணை நினைவிற் கொள்ளலாம்; நூறெழுத்தின் எண்களை நினைவிற் கொள்வார் அரியர். பெயரோ பொருளுடைமையால் மனத்தில் நிற்கும்.

றிச்சாட் ஸ்ரோல்மன் 1985 இல் வெளியிட்ட குனூ ஈமாக்ஸ் என்னுங் கருவியில் இவ்வசதி செவ்விதின் அமைந்துள்ளது. கட்டுப்பாட்டு விசையை அழுத்தியவாறே எக்ஸ் விசையைத் தட்டி, அதனை விடுத்து 8 என்னும் விசையையும், பின்னர் என்ரர் விசையையும் தட்டினால், திரையின் அடியிற் கருவி பெயரை வினவும். ‘லத்தீன் சிமோல் லெற்றர் ஈ வித் அக்கியூற்’ என ஆங்கில எழுத்திற் கொடுக்க, வேண்டிய எழுத்து உரையில் வந்தமையும். முழுப்பெயரையும் எழுதவேண்டுமென்பதில்லை. சிறிது எழுதி ரப் விசையை அழுத்தின் எஞ்சியதைக் கருவியே நிரப்பும், அல்லது பொருந்தும் பெயர்களை நிரல்படக் காட்டும். இடையிலுள்ள சொல்லொன்று மட்டும் நினைவிலிருப்பின், அதன் முன் உடுக்குறி இட்டு வினவலாம்.

இப்பெயர்களைக் கருவி தானே படைப்பதில்லை; யுனிக்கோட்டின் பட்டியலிலிருந்து பெறுகின்றது. 1996 இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு முதலாக, ஒருமுறை இட்ட பெயரை மாற்றுதலில்லை என்பது அங்குள்ள விதி. பைதன் முதலிய மொழிகளில் எழுதப்படும் நிரல்கள் எழுத்துகளைப் பெயராற் சுட்டுவதுண்டாதலின், பெயர் மாறின் நிரல் கெடும். எனவே பிழையும் நிலைபேறு பெற்றுவிட்டது. நிலைக்குத்தாக எழுதும் உரைக்குரிய அடைப்புக்குறியொன்றின் ஆங்கிலப் பெயரில் இரண்டெழுத்துகள் இடம்மாறியுள்ளன. அதனை யாவரும் அறிவர். எனினும் திருத்தம் மாற்றுப்பெயராக அருகில் நிற்கிறதேயன்றி மூலப்பெயர் அவ்வாறே உளது.

தமிழெழுத்துகளை இவ்வாறு அழைக்கப் புகும் மாணவனுக்குச் சிரிப்புஞ் சினமும் ஒருங்கே தோன்றும். பெயர்களில் ஆங்கிலப் பேரெழுத்து, இலக்கம், சிறுகோடு, இடைவெளி என்பனவன்றிப் பிற வரலாகா. ஆதலின் லகரத்தை ‘எல்’ ஒன்றாலும், ளகரத்தை இரண்டாலும், ழகரத்தை மூன்றாலும் குறித்தனர். ழகரத்தைத் தேடி ‘இசட்’, ‘எச்’ என்னும் எழுத்துகளை இட்டாற் கிடைக்கமாட்டாது. இதனையேனும் ஒருவாறு பொறுக்கலாம்.

ஆய்தத்தின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அதன் பெயர் ‘தமிழ் சைன் விசர்கா’. யுனிக்கோட்டின் இந்திய எழுத்துப் பகுதிகள் 1988 ஆம் ஆண்டின் இந்தியக் குறிமுறையைத் தழுவி ஒரே அமைப்பில் வகுக்கப்பட்டன. தேவநாகரியில் விசர்க்கம் நிற்கும் இடத்தில் தமிழில் ஆய்தம் நிறுத்தப்பட்டது; இடத்தின் பெயரும் அதனோடு ஒட்டிக்கொண்டது. தொல்காப்பியர் சார்பெழுத்து மூன்றனுள் ஒன்றாக வைத்த ஆய்தம் வடமொழி விசர்க்கம் அன்று. எழுத்தட்டவணையில் ஆய்தம் என்பது குறிப்பாக மட்டும் எழுதப்பட்டுள்ளது. ஆயினும் ஓர் ஆறுதல் உண்டு: எழுத்தின் இயல்பைக் கூறும் தரவில், தேவநாகரி விசர்க்கம் சார்ந்து நிற்குங் குறியென்றும், ஆய்தம் எழுத்தென்றும் வேறுபடுத்தப்பட்டுள்ளன. சொற்களை எல்லை பிரித்தல் முதலியவற்றிற்குக் கருவிகள் நோக்குவது அவ்வியல்பையே, பெயரையன்று. புள்ளிக்கு ‘விராமா’ என்னும் பெயர் வந்ததும் இவ்வழியேயாம்.

2019 இற் சேர்க்கப்பட்ட பழந்தமிழ்ப் பின்னக் குறிகளுள் முந்திரியும் ஒன்று. அதன் பெயரில் முந்திரி என்னும் சொல் இல்லை. ‘முந்நூற்றிருபதில் ஒன்று’ என்பதன் ஆங்கில வடிவமே உளது.

இக்குறைகள் இருந்தும் பெயர்முறையை இகழ்தல் தகாது. கண் காணாத வேற்றுமையைப் பெயர் காட்டுகின்றது. ககரமும் தமிழிலக்கம் ஒன்றும் வடிவில் ஒன்றே. உகரமும் இலக்கம் இரண்டும் அத்தகையனவே. கணினிக்கோ அவை வெவ்வேறானவை. இன்னும், ஔகாரத்தை இடவேண்டிய இடத்தில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டுவிடுதல் பலரிடத்துங் காணப்படும் வழக்கம். அச்சில் வேறுபாடு புலப்படாது. ஆனால் அவ்வாறு எழுதப்பட்ட ‘ஒளவையார்’, ‘ஔவையார்’ எனத் தேடுவோன் கையில் அகப்படமாட்டார். அகரவரிசைப் பட்டியலிலும் தமக்குரிய இடத்தில் நில்லார். பாடநூலோ பழைய நூலோ கணினியில் ஏற்றப்படும்பொழுது இப்பிழை புகுந்தால், அந்நூல் இருந்தும் தேடுவார்க்கு இல்லாததாகின்றது.

ஐயம் எழுந்தவிடத்துச் சுட்டியை அம்முதலெழுத்தின்மீது நிறுத்தி, ஈமாக்ஸிற் கட்டுப்பாட்டு விசையுடன் யூ, மீண்டும் அவ்விசையுடன் எக்ஸ், ஈற்றிற் சமக்குறி என்னும் முறையில் தட்டுக. எழுத்தின் பெயர் திரையில் விரியும். ‘லெற்றர் ஏயூ’ எனின் அஃது ஔகாரமே. ‘லெற்றர் ஓ’ எனின் அடுத்து நிற்பதையும் அவ்வாறே வினவுக. அது ளகரமாயின், இரண்டையும் நீக்கி ஔகாரத்தைப் பெயர் கூறி வருவித்துக் கொள்ளலாம்.