தேமா, புளிமா, ஆதார் அட்டை

அண்ணன் வீட்டுக் கூடத்தில் ஒரு வாழ்த்து மடல் மாட்டியிருக்கிறது. 1983இல் அவர் கல்யாணத்துக்கு எங்கள் தமிழய்யா எழுதியது. ரோஸ் தாளில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, பந்தலில் எழுந்து நின்று ராகத்தோடு வாசித்துக் கொடுத்தார். அறுசீர் விருத்தம், நாலு பாட்டு. தாள் வெளுத்துவிட்டது, அண்ணியின் மனக்குறை மட்டும் வெளுக்கவில்லை. மடலில் அவர் பெயரின் கடைசி எழுத்தைக் காணோம். பெயர் மூன்றசைக் காய்ச்சீர், பாட்டில் அந்த இடத்தில் வரவேண்டியதோ ஈரசை மாச்சீர். ஐயா யோசிக்கவே இல்லை, ஓர் அசையை நறுக்கிவிட்டார். “கல்யாணத்தன்னிக்கே பேரைக் குறைச்சுட்டாங்க” என்று அண்ணி இன்றைக்கும் சொல்வார்.

அப்போதெல்லாம் எங்கள் ஊரில் மடல் வாசிக்காத கல்யாணம் குறைவு. புதுமனை புகுவிழாவுக்கு வாழ்த்துப்பா, பதினாறாம் நாள் காரியத்துக்கு இரங்கற்பா. எழுதிக் கொடுத்தவர்கள் தங்களைக் கவிஞர் என்று சொல்லிக்கொண்டதில்லை. பள்ளிக்கூட வாத்தியார், தபாலாபீஸ்காரர், மளிகைக்கடையில் கணக்கெழுதியவர். யாப்பு அவர்களுக்குக் கைத்தொழில் மாதிரி. தச்சர் கண்ணாலேயே முழம் பார்ப்பதுபோல இவர்கள் காதாலேயே சீர் பார்த்தார்கள்.

இன்னும் பின்னால் போனால் இதுவே ஓர் உலகமாக இருந்திருக்கிறது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) எழுத்தாணியைத் தொடாமலே பாட்டுச் சொல்லிக்கொண்டு போவார். எதிரே இருப்பவர் ஏட்டில் எழுதிக்கொண்டே வருவார். கூடவே இருந்து பார்த்த உ.வே.சா. இதைப் பதிவு செய்திருக்கிறார். பாட்டில் வந்தது புராணம் மட்டும் இல்லை. உதவி கேட்கச் சீட்டுக்கவி, புதுப் புத்தகத்தின் முகப்பில் சாற்றுக்கவி. இன்றைக்கு நாம் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி தட்டி அனுப்புகிற காரியத்துக்கு அவர்கள் விருத்தத்தை அனுப்பினார்கள். வசன கவிதை எழுதிப் பார்த்த பாரதியே 1919இல் எட்டயபுரம் ஜமீன்தாருக்கு எழுதும்போது பழைய சீட்டுக்கவி வழக்கத்தைத்தான் எடுத்தார்.

பிறகு புதுக்கவிதை வந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. 1934இல் ‘மணிக்கொடி’யில் ந. பிச்சமூர்த்தி, 1959இல் சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’, எழுபதுகளில் வானம்பாடிகள். இவர்கள் யாப்பை உடைத்தார்கள் என்று மேடையில் சொல்வார்கள், பாராட்டாகவும் வசையாகவும். எனக்கென்னவோ அவர்களுக்கு அவ்வளவு வேலை இருந்திருக்காது என்றே படுகிறது. அச்சு வந்து, பத்திரிகையை வாய்விட்டுப் படிக்கிற வழக்கம் போய், கண்ணால் மௌனமாகப் படிக்கத் தொடங்கிய அன்றைக்கே யாப்பின் காலடி மண் கரைந்துவிட்டது. மனப்பாடம் செய்யவேண்டிய தேவை இல்லாத ஊரில் எதுகைக்கு என்ன வேலை?

அப்படியும் எல்லாரும் ஒரே வண்டியில் ஏறிவிடவில்லை. புதுக்கவிதைக்காரராக அறியப்பட்ட ஞானக்கூத்தன் மரபு ஓசையை வைத்துக்கொண்டே நக்கலடித்தார். இலங்கையில் கதை இன்னும் வேறு. அளவெட்டிக்காரரான மஹாகவி உருத்திரமூர்த்தி (1927–1971) தளையை, அதாவது சீரோடு சீர் சேரும் கட்டை, கைவிடவில்லை; அச்சடிக்கிற விதத்தைத்தான் மாற்றினார். பேசும்போது மூச்சு நிற்கிற இடத்தில் வரியை உடைத்துப் போட்டார். கண்ணுக்குப் புதுக்கவிதை, வாய்விட்டுப் படித்தால் உள்ளே பழைய அடி ஓடும். நீலாவணனும் முருகையனும் இந்தப் பக்கம் நின்றவர்கள். தமிழ்நாட்டு மரபுக்கவிஞர்கள் ‘செந்தமிழே, தீந்தமிழே’ என்று தமிழையே தமிழில் பாடிக்கொண்டிருந்த ஆண்டுகளில், அங்கே தோட்டமும் கிணறும் சாதிச் சண்டையும் செய்யுளுக்குள் வந்தன. நம் பக்கம் செய்யுள் சலித்துப்போனதற்கு யாப்பைக் குற்றம் சொல்லி, பாடுபொருளைத் தப்பவிட்டுவிட்டோம் என்பது என் கட்சி.

மடல்களும் போய்விட்டன. இப்போது மண்டபத்து வாசலில் பதினைந்தடி ஃப்ளெக்ஸ். மணமக்களைவிட வாழ்த்துவோர் படங்கள் அதிகம். அதிலும் ஓரமாக ஒரு வாசகம் இருக்கும்; நின்று படித்துப் பாருங்கள், எதுகை இருக்கும், மோனை இருக்கும். அரசியல் மேடையிலும் அப்படியே. தொடையைப் பிடித்துக்கொண்டோம், தளையை விட்டுவிட்டோம். தளை காதுக்குள் மிச்சமிருப்பது சினிமாப் பாட்டு எழுதுகிறவர்களிடம்தான். மெட்டுக்குத் தன்னானே போட்டு, குறில் வரும் இடத்தில் நெடில் வந்தால் முகம் சுளிக்கிறார்களே, அது பழைய காது.

பள்ளிக்கூடத்தில் யாப்பு இருக்கிறது, சந்தேகமில்லை. அண்ணன் மகளின் மகள் பத்தாம் வகுப்பு. குறளைக் கொடுத்து அலகிடச் சொன்னால் மூன்று கட்டம் போட்டு, சீர், அசை, வாய்பாடு என்று சரசரவென்று நிரப்பிவிடுவாள். நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா. கடைசிச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு. முழு மதிப்பெண். “நீயே ஒரு குறள் வெண்பா எழுதேன்” என்றேன். “அது சிலபஸ்ல இல்ல சின்னத் தாத்தா” என்றாள். அறுத்துப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறோம், தைக்கக் கற்றுக்கொடுப்பதில்லை. எங்கள் ஐயா கட்டம் போட்டதே கிடையாது. நாங்கள் வாசிக்க வாசிக்க டஸ்டரால் மேசையைத் தட்டிக்கொண்டிருப்பார். தப்பான இடத்தில் கை நின்றுவிடும். “தட்டுதுடா” என்பார். தளை தட்டுகிறது என்று சொல்கிறோமே, அது கண்ணுக்குத் தட்டுப்படுவது அல்ல.

இன்று அந்த மேசையின் இடத்தில் கணினி. வினோத் ராஜன் உருவாக்கிய ‘அவலோகிதம்’ என்ற மென்பொருளில் பாட்டை ஒட்டினால் அசை, சீர், தளை, தொடை எல்லாவற்றையும் பிரித்து, இன்ன பா என்று சொல்லிவிடும். டொராண்டோவில் பொறியியல் பேராசிரியராக இருந்த பசுபதி ‘கவிதை இயற்றிக் கலக்கு’ என்று புத்தகமே போட்டு யாப்புச் சொல்லிக்கொடுத்தார். வாட்ஸ்அப் குழுக்களில் ராத்திரி ஓர் ஈற்றடி விழுகிறது. காலையில் பல் தேய்ப்பதற்குள் பதினைந்து வெண்பா வந்து நிற்கிறது. வங்கியில் ஓய்வு பெற்றவர், மென்பொருள்காரர், கைக்குழந்தைக்காரி. யாருக்கும் ஜமீன்தார் இல்லை, சன்மானம் இல்லை. விரும்பி எழுதுகிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. எழுதுவதில் பாதி, கட்டத்தை நிரப்பியதுபோல் இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பழையவர்கள் இடம் நிரப்ப அரோ, மாதோ, மன்னோ போட்டார்கள். இவர்கள் எனும், நன்கு, என்றே போடுகிறார்கள். மென்பொருள் இரண்டையும் சரி என்கிறது.

நானும் ஒரு வெண்பா எழுத உட்கார்ந்து பார்த்தேன். முதலில் மாட்டிக்கொண்டது ஆதார் அட்டையில். ‘ஆதார்’ தேமா. மாவுக்குப் பின்னால் நிரை வரவேண்டும். ‘அட்டை’ நேரில் தொடங்குகிறது. தட்டுகிறது. அரசாங்கம் கொடுத்த அட்டை வெண்பாவுக்குள் நுழைய முடியாமல் வாசலில் நிற்கிறது. ‘ஆதார் எனுமட்டை’ என்று போட்டால் நுழைந்துவிடும். ஆனால் அப்படி யார் பேசுகிறார்கள்? ரேஷன் கார்டும் அதே சிக்கல். ஒரு நாள் முழுக்க அன்றாடம் புழங்குகிற சொற்களையெல்லாம் அசை பிரித்துக்கொண்டு திரிந்தேன். செல்பேசி, பேருந்து, மின்னஞ்சல் மூன்றும் தேமாங்காய், சாதுக்கள். கடவுச்சொல் புளிமாங்காய். சாயங்காலம் மின்வாரிய ரசீது கண்ணில் பட்டது. ‘மின்சாரக் கட்டணம்.’ காய், அதன் பின்னே நேர். யாரும் தள்ளிவிடாமல் தானே போய் வெண்பாவில் உட்கார்ந்துகொண்டது. மிச்சம் இப்படி வந்தது:

மின்சாரக் கட்டணம் கட்டாத வீட்டுக்குள்
இன்னும் எரியும் நிலா.

இரண்டு அடி, ஏழு சீர். இதில் ஒரு சொல்லைக்கூட நான் அகராதியிலிருந்து எடுக்கவில்லை. ஐக்கூ எழுதும் நண்பரிடம் காட்டினேன். ஐக்கூ என்றார், மூன்று வரியாக மடக்கச் சொன்னார். மென்பொருளில் போட்டேன், குறள் வெண்பா என்றது. ஐயா இருந்திருந்தால் மேசையைத் தட்டிப் பார்த்திருப்பார்.

பேத்தியிடம் கொடுத்தேன். பென்சிலை எடுத்துக் கோடு போட்டாள். தேமாங்காய், கூவிளம், தேமாங்காய், தேமாங்காய், தேமா, புளிமா. ‘நிலா’வுக்குக் கீழே ‘மலர்’ என்று எழுதி டிக் அடித்தாள். “தட்டலை” என்றாள். தாளைத் திருப்பித் தர நீட்டியவள், மறுபடி தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள்.

“ஃபியூஸைப் புடுங்கிட்டுப் போயிருப்பாங்களே சின்னத் தாத்தா, அந்த வீட்ல படிக்கிற பிள்ளை இருக்கா?”